காடும் கதையும் பள்ளி புகுந்த வரலாறு

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், நம் இளைஞர்கள் முன் ஒரு வினாவை வைக்க விரும்புகிறோம். பள்ளிக்கூடம் ஒரு குழந்தைக்கு எழுத்தைக் கொடுக்கிறது, எண்ணைக் கொடுக்கிறது, நாளை ஒரு பதவியையும் கொடுக்கலாம். அவ்வாறு கொடுக்கும்போதே அக்குழந்தையிடமிருந்து எதையேனும் வாங்கிக்கொள்கிறதா? வாங்கிக்கொள்கிறது எனின், அது என்ன?

நம்மவர் வரலாற்றில் பள்ளி என்பது நெடுங்காலம் அடைத்த கதவாக இருந்தது. அண்ணல் அம்பேத்கர் சிறுவராக இருந்தபோது வகுப்பில் தனியே கோணிப்பையில் உட்கார வைக்கப்பட்டதையும், பிறர் மேலிருந்து ஊற்றினாலன்றித் தண்ணீர் அருந்த இயலாதிருந்ததையும் நாம் அறிவோம். ஆகவே, கதவு திறந்தால் போதும், மற்றவை தாமே வந்து சேரும் என்று நம் முன்னோர் எண்ணியதில் வியப்பில்லை. ஆயின் உலகின் மற்றொரு கோடியில் ஒரு மக்களுக்கு இதற்கு நேர் எதிரான கொடுமை நிகழ்ந்தது. அவர்களுக்குப் பள்ளிக் கதவு அடைக்கப்படவில்லை, வலிந்து திறக்கப்பட்டது. அவர்தம் குழந்தைகள் அதனுள் இழுத்துச் செல்லப்பட்டனர். அவர்களே கனடா நாட்டின் தொல்குடி மக்கள்.

நம் பழைய பாடநூல்கள் இவர்களைச் செவ்விந்தியர் என்றும், வடகோடியில் வாழ்வோரை எஸ்கிமோக்கள் என்றும் குறித்தன. அவை பிறர் இட்ட பெயர்கள். அனிஷினாபே, ஹோடினோஷோனி, ஹைடா, ஸ்டோலோ, இனுயிட் என அவர்கள் தம்மைத் தாமே அழைத்துக்கொள்ளும் பெயர்கள் பல. பிறர் இட்ட பெயரைச் சுமந்து வாழ்வதன் வலியை நமக்கு யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

வலிந்து திறந்த கதவு

கனடா 1867இல் ஒரு நாடாக உருப்பெற்றது. 1876இல் இந்தியர் சட்டம் என்னும் பெயரில் தொல்குடியினரை அரசின் பிடிக்குள் கொணரும் சட்டம் இயற்றப்பட்டது. 1879இல் நிக்கோலஸ் டேவின் என்பார் அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் வைத்துப் பயிற்றுதல் வேண்டும் என்பது அதன் சாரம். 1883இல் அரசு அதற்கு இசைந்தது. அரசு பணம் தர, கிறித்தவத் திருச்சபைகள் பள்ளிகளை நடத்தின. 1920ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், 7 முதல் 15 வயது வரையுள்ள தொல்குடிக் குழந்தைகளுக்கு அரசு சுட்டும் பள்ளியைக் கட்டாயமாக்கியது.

பள்ளிக்குள் நுழைந்த நாளிலேயே குழந்தையின் முடி வெட்டப்பட்டது, உடை மாற்றப்பட்டது, பெயரும் மாற்றப்பட்டது. பல பள்ளிகளில் பெயருக்குப் பதில் எண்ணே வழங்கியது. தாய்மொழியில் பேசினால் தண்டனை. பாட்டி சொன்ன கதை மூடநம்பிக்கை. தாத்தா கற்பித்த காட்டறிவு காட்டுமிராண்டித்தனம். இவ்வாறு 139 பள்ளிகளில் குறைந்தது 1,50,000 குழந்தைகள் பயின்றனர் எனப் பின்னாளில் கணக்கிடப்பட்டது.

நோயும் அங்கே குடிகொண்டிருந்தது. அரசின் மருத்துவ அதிகாரியான பீட்டர் பிரைஸ் 1907இல் மேற்குப் பகுதிப் பள்ளிகளை ஆய்ந்து, காற்றோட்டமற்ற அறைகளில் காசநோய் குழந்தைகளைக் கொள்ளை கொள்வதை அறிவித்தார். விவரம் கிடைத்த பள்ளிகளில் பயின்றோருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இறந்துபோயிருந்தனர். அவர் கூறிய பரிகாரங்களை அரசு ஏற்கவில்லை. பணி ஓய்வுக்குப் பின், 1922இல், அச்செய்தியைத் தாமே நூலாக வெளியிட்டார்.

மற்றொன்றையும் நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். அப்பள்ளிகளில் அரை நாள் முறை என ஒன்று இருந்தது. பாதி நாள் பாடம். மீதி நாள் வேலை. சிறுவர் பண்ணையிலும் தொழுவத்திலும் உழைத்தனர். சிறுமியர் சமையற்கட்டிலும் சலவை அறையிலும் உழைத்தனர். தொழிற்பயிற்சி என்று அதற்குப் பெயர். உண்மையில் அது பள்ளியின் செலவைக் குழந்தைகளின் உழைப்பால் ஈடுகட்டும் ஏற்பாடு. 1950களின் தொடக்கம் வரை இது நீடித்தது. இதனை நினைவில் வைத்துக்கொள்க. பின்னர் இதற்கு மீள்வோம்.

பெற்றோர் எழுந்தனர்

1969இல் கனடா அரசு தொல்குடியினருக்கெனத் தனி உரிமைகளே வேண்டா என்னும் கொள்கை அறிக்கையை வெளியிட்டது. நாடெங்கும் எதிர்ப்பு மூண்டது. அடுத்த ஆண்டு ஆல்பர்ட்டா மாகாணத்தில் செயின்ட் பால் என்னும் ஊருக்கு அருகே புளூ குவில்ஸ் என்ற உறைவிடப் பள்ளியை அரசு மூட முனைந்தது. மூடினால் குழந்தைகள் வெள்ளையர் ஊர்ப் பள்ளிக்குச் செல்ல வேண்டும். அங்கும் அவர்களுக்கு மதிப்பிராது. சுற்றுப்புறத் தொல்குடிப் பெற்றோர் கூடி ஒரு முடிவுக்கு வந்தனர். பள்ளியை மூட வேண்டா, எங்களிடமே கொடுங்கள் என்றனர். 1970ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பள்ளிக் கட்டடத்துக்குள் புகுந்து அமர்ந்தனர். முதியோரும் தாய்மாரும் குழந்தைகளும் அங்கேயே உண்டு உறங்கி அறப்போர் நடத்தினர். அரசு இறங்கி வந்தது. தொல்குடியினரே நிர்வகிக்கும் முதற்பள்ளியாக அது மாறியது. எக்கட்டடத்துள் அவர்தம் மொழி தண்டிக்கப்பட்டதோ அக்கட்டடத்திலேயே அம்மொழி பாடமாயிற்று. இன்று அங்கே அவர்களே நடத்தும் பல்கலைக்கழகம் இயங்குகிறது.

1972இல் தொல்குடியினரின் தேசியப் பேரவை ஒரு கொள்கை ஆவணத்தை அரசிடம் அளித்தது. அதன் அடிப்படை இரண்டே. குழந்தையின் கல்வியில் பெற்றோருக்குப் பொறுப்பு வேண்டும். பள்ளி ஊராரின் ஆளுகையில் இருத்தல் வேண்டும். மறு ஆண்டு அரசு இதனைக் கொள்கையளவில் ஏற்றது. எனினும் உறைவிடப் பள்ளிகளில் கடைசியானவை 1990களின் பிற்பகுதியிலேதான் மூடப்பட்டன. 2008இல் கனடாப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். உண்மையறியும் ஆணையம் பாதிக்கப்பட்டோரின் சாட்சியங்களைக் கேட்டு, 2015இல் 94 பரிந்துரைகளை வழங்கியது. அவற்றுள் ஒன்று, மழலை வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை தொல்குடியினர் வரலாற்றைப் பாடமாக்குதல் வேண்டும் என்பது.

பிலிஸ் வெப்ஸ்டாட் என்னும் அம்மையார் 1973இல் ஆறு வயதுச் சிறுமியாகப் பள்ளி சென்ற முதல் நாளன்று, பாட்டி வாங்கித் தந்த ஆரஞ்சு நிறச் சட்டையைப் பறிகொடுத்தவர். அவர் சொன்ன அந்தச் சிறு செய்தி நாடு முழுவதையும் தொட்டது. 2013 முதல் செப்டம்பர் 30ஆம் நாளில் பள்ளிக் குழந்தைகள் ஆரஞ்சுச் சட்டை அணிகின்றனர். 2021இல் அந்நாள் தேசிய நினைவு நாளாயிற்று.

கதை வெறுங்கதையன்று

தொல்குடிக் கதைகளைப் பள்ளிக்குள் விடலாமா என்று ஐயுற்றோர் அங்கும் இருந்தனர். அவ்வையத்தைத் தீர்த்தவை இரண்டு செய்திகள்.

வான்கூவர் தீவின் மேற்குக் கரையில் வாழும் ஹூ-அய்-அட் மக்களிடையே ஒரு கதை வழங்கி வந்தது. குளிர்கால இரவொன்றில் நிலம் நடுங்கியது. பின் கடல் எழுந்து பச்சினா விரிகுடாவில் இருந்த ஊரையே வாரிக்கொண்டு போயிற்று. மேட்டில் இருந்தோர் மட்டும் பிழைத்தனர் என்பது அக்கதை. நில அறிவியலார் பிற்காலத்தில் கரையோர மண்ணையும் மடிந்த மரங்களின் வளையங்களையும் ஆராய்ந்தனர். ஜப்பானில் நிலநடுக்கம் உணரப்படாமலே கடலலை வந்து தாக்கியதாக உள்ள பழங்குறிப்புகளோடு ஒப்பிட்டனர். 1700ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் இரவு அங்கே மாபெரும் நிலநடுக்கம் நேர்ந்தது உறுதியாயிற்று. எழுத்தில் இல்லாத செய்தியைப் பாட்டிமார் ஏறத்தாழ 300 ஆண்டுகள் நாவிலே காத்திருந்தனர்! 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளில் கடல் கொண்டதைக் கண்ட நமக்கு, அத்தகைய கதையின் விலை எத்துணை என்பது விளங்கும்.

மற்றொன்று நீதிமன்றச் செய்தி. கிட்க்சான், வெட்சுவெட்டென் என்னும் இரு மக்கள் தம் நிலத்துக்கு உரிமை கோரி வழக்காடினர். பட்டா இல்லை, பத்திரம் இல்லை. தம் முன்னோர் பாடல்களையும் கதைகளையுமே சான்றாக வைத்தனர். கீழ்மன்றம் அவற்றுக்கு உரிய மதிப்பளிக்கவில்லை. 1997ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் கனடா உச்சநீதிமன்றம், வாய்மொழி வரலாற்றையும் எழுத்துச் சான்றுகளுக்கு இணையாக வைத்து எடைபோடுதல் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. புதிய விசாரணைக்கும் வழிவிட்டது. பாட்டியின் சொல் நீதிமன்றம் ஏறியது. பள்ளிக்குள் அது நுழைவதை இனி யார் தடுப்பது?

வகுப்பறையில் நிகழ்வது

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2006-07ஆம் ஆண்டளவில் தொல்குடி முதியோரும் அறிஞரும் கல்வியாளரும் கூடிக் கற்றலின் நெறிகள் ஒன்பதை வகுத்தனர். கற்றல் நினைவிலும் வரலாற்றிலும் கதையிலும் ஊன்றியது; அதற்குப் பொறுமையும் காலமும் வேண்டும்; அது தனி ஒருவர்க்காக அன்றிக் குடும்பம், ஊர், நிலம் ஆகிய அனைத்தின் நலத்துக்கும் உரியது; உரியவர் இசைவின்றிப் பகிரலாகாத அறிவும் உண்டு என்னும் கருத்துகள் அவற்றுள் அடங்கும். 2016 முதல் அம்மாகாணத்தின் தொடக்க, நடுநிலை வகுப்புகளில் எல்லாப் பாடங்களிலும் தொல்குடியினர் நோக்கு இடம்பெற்றது.

இது நடைமுறையில் எவ்வாறு இருக்கும்? கனடாவின் பல பகுதிகளில் வழங்கும் சில பாடங்களைக் காண்போம்.

பள்ளித் தோட்டத்தில் மக்காச்சோளம், அவரை, பூசணி மூன்றையும் ஒரே மேட்டில் விதைக்கின்றனர். ஹோடினோஷோனி மக்கள் இவற்றை மூன்று சகோதரிகள் என்பர். மக்காச்சோளம் அவரைக்குக் கொழுகொம்பாகிறது. அவரையின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரசனை மண்ணுக்கு உரமாக்குகின்றன. பூசணியின் அகன்ற இலை மண்ணின் ஈரத்தைக் காத்துக் களையைத் தடுக்கிறது. கதையாகத் தொடங்கிய பாடம் அறிவியலாக முடிகிறது. சோளத்தோடு தட்டைப்பயறு கலந்து விதைத்த நம் மானாவாரி உழவர்க்கும் இது புதிதன்று.

ஆமையின் முதுகில் பெரிய தகடுகள் 13. ஆண்டில் வரும் நிலவுகளும் 13. விளிம்பிலுள்ள சிறு தகடுகளை 28 எனக் கொண்டு, ஒரு நிலவுக்குரிய நாட்கள் என்பது மரபு. 13ஐ 28ஆல் பெருக்கினால் 364. மீதி ஒரு நாள் எங்கே போயிற்று என்று கேட்கும் குழந்தை வானியலின் வாசலில் நிற்கிறது.

இளவேனிலின் தொடக்கத்தில் மேப்பிள் மரத்தின் சாறு இறக்கிக் காய்ச்சுகின்றனர். ஒரு லிட்டர் பாகு கிடைக்க ஏறத்தாழ 40 லிட்டர் சாறு வேண்டும். விகிதமும் ஆவியாதலும் அடுப்பங்கரையிலேயே விளங்கிவிடுகின்றன.

மேற்குக் கரையில் செந்தேவதாரு மரத்தின் பட்டையை உரிக்கும் முறையை முதியோர் காட்டுகின்றனர். ஒரு பக்கத்தில் குறுகிய கீற்று மட்டுமே எடுப்பர். மரம் தொடர்ந்து வாழும். அவ்வடு மரத்தில் நிலைத்துவிடும். வளையங்களை எண்ணி எந்த ஆண்டில் எடுத்தது என்று கூறலாம். 1846க்கு முற்பட்ட வடுக்களைக் கொண்ட மரங்களை அம்மாகாணச் சட்டம் பாதுகாக்கிறது. எழுதப்படாத ஓர் ஆவணம் காட்டில் நிற்கிறது என்பதைக் குழந்தை தன் கையால் தொட்டு அறிகிறது.

ஆற்றில் பிறக்கும் சால்மன் மீன் கடலுக்குச் சென்று வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஓடைக்கே திரும்பி மடிகிறது. முதல் மீனை நன்றியோடு உண்டு அதன் எலும்புகளை ஆற்றிலேயே இடுவது கரையோர மக்கள் பலரின் வழக்கம். கரடிகள் மீன்களைக் காட்டுக்குள் இழுத்துச் செல்வதால், கடலில் பிறந்த நைட்ரசன் கரையோர மரங்களின் உடலில் ஏறியிருப்பதை ஆய்வாளர் கண்டறிந்துள்ளனர். ஆறும் கடலும் காடும் ஒரே உறவு என்று முதியோர் சொல்லி வந்ததும் இதுவே.

கதை சொல்லும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. அனிஷினாபே உள்ளிட்ட பல மக்களிடையே, புனிதக் கதைகளை நிலத்தில் பனி கிடக்கும் காலத்தில் மட்டுமே சொல்வர். ஸ்டோலோ இனத்துக் கல்வியாளர் ஜோ-ஆன் ஆர்ச்சிபால்ட் அம்மையார் முதியோரிடம் பல்லாண்டு கற்று, கதைவழிக் கல்வி பற்றி 2008இல் ஒரு நூல் எழுதினார். காதுகள் இரண்டோடு நெஞ்சையும் மூன்றாம் காதாக்கிக் கேட்க வேண்டும் என்பது அவர் முதியோரிடம் பெற்ற பாடம். இக்கதைகளின் ஈற்றில் இதனால் அறியப்படும் நீதி யாது என்னும் வினா வருவதில்லை. பொருளைக் கேட்டவரே தேடிக்கொள்ள வேண்டும். கட்டுரை வினாவுக்கு ஐந்து வரியில் விடை எழுதப் பழக்கும் நம் ஆசிரியர்கள் சிந்திக்க வேண்டிய இடம் இது.

குலக்கல்வியா இது?

இவ்விடத்தில் நம் இளைஞர் சிலர் குறுக்கிடக் கூடும். முன்னோர் அறிவு, முன்னோர் தொழில் என்று சொல்லித்தானே நம்மைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தினார்கள் என்று கேட்கக் கூடும். முற்றிலும் நேர்மையான வினா. 1953இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி ஆட்சி கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பெற்றோர் தொழிலைப் பழகச் சொன்னது. குலக்கல்வி என்று அதனை அழைத்துத் தமிழகமே கொதித்தெழுந்தது. 1954இல் காமராசர் முதலமைச்சராகி அதனைக் கைவிட்டார். அப்போராட்டம் தோற்றிருந்தால் நம்முள் பலர் இம்மலரைப் படிக்கும் நிலையில் இருந்திருக்க மாட்டோம்.

மேலே நினைவில் வைக்கச் சொன்ன அரை நாள் முறையை இங்கே எடுத்துக்கொள்வோம். கனடாவின் உறைவிடப் பள்ளி தொல்குடியினரின் பண்பாட்டை அழிக்க எழுந்தது. குலக்கல்வித் திட்டமோ பரம்பரைத் தொழிலைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டது. நோக்கம் எதிரெதிர், கணக்கு ஒன்றே! இரண்டிலும் பாதி நாள்தான் படிப்பு. இரண்டிலும் குழந்தை என்னவாக வேண்டும் என்பதைப் பிறர் முடிவு செய்தனர்.

புளூ குவில்ஸ் பெற்றோர் கேட்டது வேறு. படிப்பைக் குறைக்குமாறு அவர்கள் கேட்கவில்லை. கணக்கும் அறிவியலும் வேண்டா என்று சொல்லவில்லை. அவற்றோடு எங்கள் மொழியும் வரலாறும் சேரட்டும், எதனைச் சேர்ப்பது என்பதை நாங்களே முடிவு செய்வோம் என்றனர். முன்னோர் தொழில் குழந்தையின் கழுத்தில் நுகத்தடியாக ஏற்றப்படுவது குலக்கல்வி. முன்னோர் அறிவு குழந்தையின் கையில் விளக்காகக் கொடுக்கப்படுவது தன்மானக் கல்வி. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிய ஓர் எளிய சோதனை உண்டு. முடிவு செய்தவர் யார்? மற்றக் கதவுகள் திறந்திருக்கின்றனவா? இவ்விரு வினாக்களையும் கேட்டால் போதும்.

கனடாவில் எல்லாம் நேராகிவிட்டது என்று நாம் சொல்லவில்லை. அங்குள்ள தொல்குடிக் குடியிருப்புகள் சிலவற்றில் நல்ல குடிநீருக்கே இன்னும் வழியில்லை. பாடநூலில் இடம் கிடைப்பது நீதி முழுவதும் கிடைப்பதாகாது. ஆயினும் தன் பாட்டி அறிவற்றவள் அல்லள் என்பதை ஒரு குழந்தை பள்ளியிலேயே அறிவது சிறிய செய்தியன்று.

நாம் செய்யத்தக்கது

நம் ஊர் ஏரிகளை நினைத்துப் பார்ப்போம். வட மாவட்டங்களில் எத்தனையோ ஏரிகளின் மடையைத் திறந்து, நீரை அளந்து, வயல்தோறும் பங்கிட்ட நீர்க்கட்டிகள் பெரும்பாலும் நம் மக்களே. எம்மடையை எவ்வளவு திறந்தால் எவ்வயல் வரை நீர் எட்டும், பஞ்ச காலத்தில் யாருக்கு எத்தனை நாழிகை என்பதெல்லாம் அவர்கள் விரல் நுனியில் இருந்தன. ஊருக்கெல்லாம் நீர் பங்கிட்ட கைக்குச் சொந்த வயல் இருந்ததோ எனின், பெரும்பாலும் இல்லை. இவ்விரண்டையும் ஒருசேரக் கற்பித்தால்தான் அது வரலாறு. அறிவை மட்டும் சொல்லி அநீதியை மறைத்தால் அது புகழ்மாலை. அநீதியை மட்டும் சொல்லி அறிவை மறந்தால், நம் முன்னோர் வெறும் கூலிகளே என்னும் பிறர் தீர்ப்பை நாமே வழிமொழிந்தவராவோம்.

ஆகவே நம் சங்கத்து மாலை வகுப்புகளில் சில செய்யலாம். திங்களுக்கு ஒரு முறை முதியவர் ஒருவரை அழைத்து நாற்காலியில் அமர்த்திக் கேட்போம். பயிர், நீர், மூலிகை, பறையிசை, பட்ட அவமானம், நடத்திய போராட்டம் எதுவாயினும் அவர் சொல்ல விரும்புவதைச் சொல்லட்டும். விரும்பாததைத் தோண்ட வேண்டா. குழந்தைகள் அதனை ஒரு தடித்த ஏட்டில் எழுதி, சொன்னவர் பெயரையும் நாளையும் குறிக்கட்டும். குழந்தைகளை ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று மடையையும் வரத்துக் காலையும் அளக்கச் செய்யலாம். அளவைப் பாடம் அங்கேயே நடக்கும். 1892ஆம் ஆண்டு அரசாணையால் நம்மவர்க்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் நம் ஊரில் இருந்ததா, இன்று யாரிடம் உள்ளது என்பதைப் பெரிய வகுப்பு மாணவர் முதியோரிடம் கேட்டறிந்து, பதிவேடுகளோடு ஒப்பிடலாம். கிட்க்சான் மக்களின் வழக்கு நமக்குக் கற்பிப்பது இதுவே.

இவற்றுக்காக ஆங்கிலத்தையோ கணக்கையோ ஒரு மணி நேரமும் குறைக்க வேண்டா. தேர்வில் வெற்றி பெறுவதும் நம் போராட்டமே. ஆனால் தேர்வில் வென்று வெளியேறும் நம் பிள்ளை, தன் தெருவைத் திரும்பிப் பார்க்க நாணுவானாயின், அவன் பெற்ற கல்வியில் ஏதோ ஒன்று பறிபோயிருக்கிறது என்று பொருள்.

கடந்த 25 ஆண்டுகளில் நம் சங்கம் கதவைத் திறந்து வைத்தது. திறந்த கதவின் வழியே குழந்தை மட்டும் உள்ளே போனால் போதாது. அதன் கையைப் பிடித்துக்கொண்டு பாட்டியும் தாத்தாவும் உள்ளே வருதல் வேண்டும். அடுத்த 25 ஆண்டுகளின் பணி அதுவே. அப்பணியை ஏற்க இளைஞர்களை அழைக்கின்றோம்.